பீடி போச்சு, வேப் வந்தாச்சு, நிக்கோட்டின் போச்சா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் வங்கிக் கடன், தவணை பாக்கி, உள்கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு ஒரு காரியம் பேசலாம் என்று வந்திருக்கிறோம். சில மாதமாக நாங்கள் போகிற குழுக்களில், கூட்டம் முடிந்து பதிவேட்டை மூடின பிறகு, யாராவது ஒரு அம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் கேட்கிறாங்க. கடலோரக் குழுக்களில் கேட்டாங்க. மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற குடும்பங்களிலும் கேட்டாங்க. கேள்வி ஒன்றுதான்.

"துபாயில இருந்து மகன் வந்திருக்கான். முந்தி சிகரெட் வலிப்பான். இப்ப அத விட்டுட்டேன்னு சொல்லி, பேனா மாதிரி ஒண்ண வாயில வச்சு இழுக்கான். மாம்பழ வாசம் வருது. இதுல ஒண்ணும் இல்லம்மா, வெறும் ஆவிதான்னு சொல்லுகான். நெசமா மக்கா?"

அதற்குப் பெயர் வேப். இ-சிகரெட் என்றும் சொல்வார்கள். அந்த அம்மாவுக்கு நாங்கள் சொன்ன பதில், "பாதி நெசம்" என்பதுதான். எந்தப் பாதி நிஜம், எந்தப் பாதி இல்லை என்பதை இன்றைக்குக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம். ஏனென்றால் இது துபாய்க்காரப் பையனோடு முடிகிற விஷயம் இல்லை. நம்ம மடியில் இருக்கிற வெற்றிலைப் பொதி வரைக்கும் வருகிற விஷயம்.

முதலில் நிக்கோட்டின் என்றால் என்ன என்று பார்ப்போம். பேர்தான் புதுசு, ஆள் பழைய ஆள். தோட்டத்தில் பயறிலும் கத்தரியிலும் அசுவினிப் பூச்சி அப்பினால் நாம் என்ன செய்கிறோம்? பொயிலையை ஊற வைத்து வடித்து, பார் சோப்பு கரைத்துத் தெளிக்கிறோம். பூச்சி சாகிறது. அந்த வேலையைச் செய்வது பொயிலையில் இருக்கிற நிக்கோட்டின்தான். பூச்சியிடம் இருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொயிலைச் செடி வைத்திருக்கிற விஷம் அது. மனுஷன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும்போது உடனே சாவதில்லை. புகையாக இழுத்தால் பத்து, இருபது நொடியில் மூளைக்குப் போய்ச் சேருகிறது. செத்த நேரம் ஒரு சுகம், ஒரு தெம்பு. பிறகு அது இறங்கும். இறங்கும்போது எரிச்சல் வரும், கை தானாகப் பீடிக்கட்டைத் தேடும். "வலிச்சாத்தான் எனக்கு மனசு சமாதானமாகும்" என்று வீட்டுக்காரர் சொல்கிறாரே, அந்தச் சமாதானத்தைக் கெடுத்ததும் முந்தின பீடிதான்.

ஆக, ஆளைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டின். ஆனால் நெஞ்சை அரிப்பதும் புற்றுநோயைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் அது இல்லை. பொயிலையை எரிக்கும்போது ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் வருகின்றன. நுரையீரலில் தார் மாதிரி ஒட்டுகிறது. கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு ரத்தத்தில் புகுந்து, காற்று ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பீடி சின்னதுதானே, ஒரு விரல் நீளம்கூட இல்லையே என்று நினைக்க வேண்டாம். பீடி இலை வழியாகக் காற்று எளிதில் போகாது. அணைந்துவிடக் கூடாது என்று அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கும். அதனால் சிகரெட்டைவிட அதிகமான விஷம் உள்ளே போகிறது.

இப்போது வேப்புக்கு வருவோம். அதில் நெருப்பு இல்லை. பாட்டரியில் ஒரு கம்பி சூடாகும். அதில் படுகிற திரவம் ஆவியாகும். அந்தத் திரவத்தில் நிக்கோட்டினும், வாசனைக்கு மாம்பழமோ புதினாவோ ஏதோ ஒன்றும், ஆவி வருவதற்குச் சில ரசாயனங்களும் இருக்கும். எரிவது இல்லாததால் கார்பன் மோனாக்சைடு இல்லை, சிகரெட்டின் தாரும் இல்லை. பையன் சொன்னதில் நிஜமான பாதி இதுதான்.

சிகரெட்டை அறவே நிறுத்திவிட்டு இதற்கு மாறின ஆட்களுக்கு உடம்பில் மாற்றம் தெரியத்தான் செய்கிறது. ஓரிரு நாளில் ரத்தத்தில் அந்த வாயு குறைகிறது. சில வாரத்தில் காலை இருமல் குறைகிறது, மாடிப்படி ஏறினால் இளைப்பு குறைகிறது, மூக்குக்கு மணமும் நாக்குக்கு ருசியும் திரும்ப வருகிறது. இங்கிலாந்தில் சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அரசாங்க மருத்துவர்களே சொல்கிறார்கள். 2023-ல் 10 லட்சம் பேருக்கு வேப் கொடுத்து சிகரெட்டை விட வைக்கப்போவதாக அந்த நாட்டு அரசு அறிவித்தது. சிகரெட் வலிக்காத ஆள் இதைத் தொடக் கூடாது என்றும் அதே மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதை நம்ம பிள்ளைகள் சொல்வதில்லை!

இன்னொரு பாதிக்கு வருவோம். 2019-ல் அந்த நாட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிகரெட்டை விட வேண்டும் என்று வந்த 886 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேப்பும், இன்னொரு பாதிக்கு நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டுகிற பட்டை மாதிரியான மருந்துகளும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வேப் வாங்கினவர்களில் நூற்றுக்கு 18 பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மருந்து வாங்கினவர்களில் நூற்றுக்கு 10 பேர். அப்படியானால் வேப்தான் மேல் என்று தோன்றும், இல்லையா? அடுத்த கணக்கையும் பாருங்க. அப்படிச் சிகரெட்டை விட்டவர்களில், வேப் குழுவில் நூற்றுக்கு 80 பேர் ஒரு வருஷம் கழித்தும் வேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் குழுவில் சிகரெட்டை விட்டவர்களில் நூற்றுக்கு 9 பேர்தான் இன்னும் மருந்தில் இருந்தார்கள். மற்றவர்கள் இரண்டையும் விட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

நமக்கு இதில் முக்கியமாகப் படுவது வேப் பிடிக்கிறவரின் மனநிலைதான். "நான் விட்டாச்சு" என்று அவர் நினைக்கிறார். வீட்டில் நாமும் நாற்றம் போச்சு, சட்டையில் ஓட்டை விழவில்லை, பிள்ளைக்கு இருமல் இல்லை என்று நிம்மதி அடைகிறோம். பீடிக்கு ஒரு முடிவு உண்டு. விரல் சுடும், தூரப் போடுவார். அதை வலிக்கத் திண்ணைக்கோ பின்வாசலுக்கோ எழுந்து போக வேண்டும். வேப்புக்கு அந்த முடிவு கிடையாது. படுக்கையில், குளிமுறியில், பஸ்ஸில், எங்கேயும் இழுக்கலாம். எத்தனை இழுத்தோம் என்ற கணக்கு அவருக்கே தெரியாது. முன்பு நாளைக்குப் பத்து சிகரெட் பிடித்தவர், இப்போது முழித்திருக்கிற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிக்கோட்டின் எடுத்துக்கொண்டிருப்பார். நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தம், தொண்டை வறட்சி இதெல்லாம் அங்கேயும் உண்டு. வீட்டில் வேப்பும் வேலையிடத்தில் சிகரெட்டுமாக இரண்டையும் வைத்திருக்கிறவர்களும் நிறைய. அவர்களுக்கு மேலே சொன்ன நன்மை பெரிதாக ஒன்றும் கிடைக்காது. புகை முழுக்க நின்றால்தான் அந்தக் கணக்கு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தார்கள். 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. அந்த வருஷம் டிசம்பரில் நாடு முழுக்கச் சட்டமாகவே வந்தது. விற்பது, வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், நம்ம குழுக்களில் எத்தனையோ பேர் கடன் எடுத்துப் பெட்டிக்கடை வைத்திருக்கிறோம். "சேச்சி, பத்து எண்ணம் வச்சுக்குங்க, காலேஜ் பையன்மார் வாங்குவாங்க, நல்ல லாபம்" என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால், லாபத்தைப் பார்க்காதீங்க. கடையும் போகும், கடனும் நிற்கும், குழுவுக்கும் கெட்ட பேர்.

"பீடியும் சிகரெட்டும் தெருவுக்குத் தெரு விக்குது, இது மட்டும் என்ன தடை?" என்று ஒரு பையன் எங்களிடம் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்களுக்கும் அதில் முழுச் சமாதானம் இல்லை. ஆனாலும் ஒன்று உண்டு. தடை இருக்கிற இடத்தில் கிடைக்கிறதெல்லாம் ஒளித்து விற்கிற சரக்கு. உள்ளே என்ன ஊற்றியிருக்கிறான் என்று யாரும் சோதிப்பதில்லை. அமெரிக்காவில் 2019-ல் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் திடீரென்று கெட்டுப்போய், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கள்ளத்தனமாக விற்ற கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த ஒரு எண்ணெய்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இன்னொன்றும் ஓர்மையில் வையுங்க. அந்தத் திரவப் புட்டியைச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தால் ஆபத்து. பழ வாசம் வேறு, எடுத்துக் குடித்துவிடும். துணி துவைக்கும்போது பாக்கெட்டில் பேனா மாதிரியோ, கம்ப்யூட்டரில் செருகுகிற பென்டிரைவ் மாதிரியோ ஏதாவது இருந்தால் நன்றாகப் பாருங்க.

சரி, மகனைப் பற்றியும் வீட்டுக்காரரைப் பற்றியும் நிறையப் பேசியாச்சு. இனி நம்மைப் பற்றி.

2016-17-ல் இந்தியா முழுக்க எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் புகை பிடிக்கிறவர்கள் நூற்றுக்கு 10.7 பேர். புகை இல்லாமல் மெல்லுகிற, வாயில் அடக்குகிற ஆட்கள் 21.4 பேர், சரியாக இரண்டு பங்கு. பெண்களில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 12.8 பேர் இப்படிப் புகையில்லாப் பொயிலை பழக்கம் உள்ளவர்கள். அண்டி ஆபீசில் காலையில் இருந்து சாயங்காலம் வரை குத்த வைத்து முந்திரிக்கொட்டை உடைக்கிற அக்காமாரைக் கேட்டால் காரணம் சொல்லுவாங்க: "வாயில கெடந்தா பசி தெரியாது, ஒறக்கம் வராது." பசியை மறக்க வைப்பதும் நிக்கோட்டின்தான். ஆனால் பீடி வலிக்கிற புருஷனைத் திட்டுகிற நாம், நம்ம வாயில் இருப்பதைப் பழக்கம் என்றே கணக்கில் எடுப்பதில்லை. அது "வெற்றிலை போடுவது" தானே!

இங்கேயும் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். "பொயிலைய விட்டுட்டேன், இப்ப வெத்தலையும் பாக்கும் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்லது, நிக்கோட்டின் போச்சு. ஆனால் 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பொயிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும், ஏன், வெறும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. பாக்கு ஓயாமல் மெல்லுகிறவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகிப்போய், நாளாக ஆக வாயைத் திறக்க முடியாமல் ஆகும். மூன்று விரலை அடுக்கி வாயில் விட முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெற்றிலையை யாரும் குற்றம் சொல்லவில்லை. கல்யாண வீட்டுத் தாம்பாளத்தை எடுத்து மாற்றச் சொல்லவும் நாங்கள் வரவில்லை. பாக்கும் பொயிலையும்தான் பிரச்சினை. இளம் பெண்கள் சிலர் வெற்றிலை நாட்டுப்புறம் என்று விட்டுவிட்டுப் பாக்குப் பொட்டலத்துக்கு மாறுகிறார்கள். அது இன்னும் மோசம். குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் தடை போட்டார்கள், கேரளாவில் அதற்கு முந்தின வருஷமே. இருந்தும் களியக்காவிளைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இன்னும் பொட்டலம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கர்ப்பமாக இருக்கிற தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. புகையாகப் போனாலும், ஆவியாகப் போனாலும், மென்று விழுங்கினாலும் நிக்கோட்டின் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். குழந்தை எடை குறைவாகப் பிறக்கும். மசக்கைக்கு நல்லது என்று கொடுக்கிற மாமியார் இருந்தால், அவர்களையும் நம்ம கூட்டத்துக்குக் கூட்டி வாங்க.

விடுவது எப்படி? எங்களுக்குத் தெரிந்த ஒரு கடலோரக் குழு உறுப்பினரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். வீட்டுக்காரர் வள்ளத்தில் போகிறவர், நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பேரப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு வந்த பிறகு விடுகிறேன் என்றார். முதல் மூன்று நாள் வீட்டில் யாராலும் அவரிடம் பேச முடியவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளினார், உறக்கம் இல்லை, தலைவலி. "பீடியே வலிச்சிட்டுப் போங்கன்னு சொல்லிரலாமான்னு இருந்தது" என்று அந்த அக்கா சொன்னாங்க. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தோற்றுப்போகிறோம். நிக்கோட்டின் இறங்கும்போது வருகிற கோபம் அது. முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் தணியும். ஆசை வந்து முட்டுகிறபோதும் ஐந்து பத்து நிமிஷம்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு அவங்க கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாங்க, மடியில் பெருஞ்சீரகமும் கிராம்பும் முடிந்து கொடுத்து அனுப்பினாங்க.

மூன்றாவது வாரம் வேறு கதை. இருமல் முன்னைவிடக் கூடிப்போச்சு, சளி சளியாக வந்தது. "பாத்தியா, பீடிதான் நெஞ்சச் சுத்தமா வச்சிருந்தது" என்று அவர் கட்டை எடுக்கப் போய்விட்டார். கிராம சுகாதார செவிலியர்தான் தடுத்துச் சொன்னாங்க. நுரையீரல் குழாயில் தூசியைத் தள்ளிவிட மெல்லிய ரோமங்கள் உண்டு. இத்தனை வருஷம் புகையில் அவை மயங்கிக் கிடந்தன. இப்போது முழித்து வேலை செய்கின்றன, அதனால்தான் சளி வருகிறது என்று. இரண்டு மாதத்தில் அது அடங்கியது. ஒரு வருஷம் வலிக்காமல் இருந்தால் மாரடைப்பு வருகிற வாய்ப்பு, வலிக்கிறவருக்கு இருப்பதில் பாதியாகக் குறையும். பீடிக்கு நாளைக்கு 30 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 10,950 ரூபாய். அதை அந்த அக்கா சந்தா நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறாங்க, அவருக்கே தெரியாமல்!

தானாக முடியாதவர்களுக்கு மருந்து இருக்கிறது. அது சட்டப்படி கிடைக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கமும் பட்டையும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. "நிக்கோட்டினை விட நிக்கோட்டினா?" என்று சிரிக்கலாம். புகை இல்லாமல், அளவு தெரிந்து, மாதாமாதம் குறைத்து, சுமார் மூன்று மாதத்தில் நிறுத்துவதற்கு அது. வேப்புக்கு அந்தக் கடைசி நாள் குறிப்பதில்லை, அதுதான் வித்தியாசம். சூயிங்கத்தை வெற்றிலை மாதிரி சவைத்துத் துப்பக் கூடாது. மெதுவாக நாலு தடவை மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனால் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் போதும். டீ, காப்பி குடித்த உடனே போட்டால் பிடிக்காது. கர்ப்பிணிகளும் இருதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் கேட்டு வாங்குவதே நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போதோ கூச்சப்படாமல் கேளுங்க. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். பீடிக்கட்டு, பொயிலைப் பொட்டலம் எல்லாவற்றிலும் அந்த எண் போட்டிருக்கும். வேப்பை விட நினைக்கிற பையனும் அதே எண்ணில் பேசலாம்.

பக்கத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பல வருஷம் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். நம்ம ஆட்கள் ஆர்.சி.சி. என்று சொல்கிற மண்டலப் புற்றுநோய் மையமும் சேர்ந்து செய்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய், விளக்கு வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை. 2005-ல் முடிவு வந்தபோது, பொயிலையோ குடியோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றால் இறப்பது, சோதனை நடந்த இடங்களில் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. டாக்டர்கூட இல்லை, கண்ணும் வெளிச்சமும்தான். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி, வாய் திறக்கச் சிரமம், இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். வலி இருக்காது. வலி வருகிற வரைக்கும் காத்திருப்பதுதான் நம்ம பக்கத்தில் நடக்கிறது.

அதனால் கூட்டமைப்புத் தலைவி அக்காவிடம் பேசி, அடுத்த மாதக் கூட்டத்தில் செவிலியர் வந்து எல்லோருடைய வாயையும் பார்ப்பதற்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். வெற்றிலை போடுகிறவர்கள், போடாதவர்கள் என்று பிரித்து உட்கார வைக்க மாட்டோம், யாரும் ஒளிக்க வேண்டாம். வீட்டுக்காரரும் மகனும் வந்தால் அவர்களுக்கும் பார்ப்பாங்க. வேப் வைத்திருக்கிற பையனைத் திட்டிக் கூட்டி வராதீங்க, சும்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மாதிரி கூட்டி வாங்க. பல்செட் இருந்தால் கழற்றி வைக்க ஒரு டப்பா கொண்டு வரணும். அன்றைக்குக் காலையில் வெற்றிலை போடாமல், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வாங்க. நல்ல வெளிச்சம் வேண்டும், அதனால் பத்து மணிக்கே தொடங்கிவிடுவோம்.